கேள்வி – பதில்: கூகுள், வட்ஸ்அப் இல்லாம இருக்கேலுமா?

கொஞ்சக் காலமா வாற கடிதங்கள்ல பாதி ஒரே விசயத்தைப் பற்றினதாத்தான் இருக்கு. கூகுள், பேஸ்புக், வட்ஸ்அப் எண்டு எல்லாத்தையும் அவையிட்டயே குடுத்து வச்சிருக்கிறம், இதில இருந்து கொஞ்சமாவது கையை எடுக்கிறது எப்பிடி எண்டு. இந்தமுறை முழுப் பக்கத்தையும் அதுக்கே விட்டிருக்கு. எல்லாருக்கும் நான் சொல்லப்போறது அடிப்படையில ஒண்டுதான். எதைப் பாவிக்கிறியள் எண்டதை விட, நாளைக்கு அது பூட்டுப்பட்டா உங்கட கையில என்ன மிஞ்சும் எண்டதை முதல்ல பாருங்கோ.

கேள்வி: ஜீமெயிலில இடம் முடிஞ்சுது எண்டு சிவப்பு எழுத்தில வருது, இப்ப மெயில் ஒண்டும் வாறேல்ல. ரொறன்ரோவில இருக்கிற மகன், மாசம் மாசம் காசு கட்டினாச் சரி அம்மா, நானே கட்டிவிடுறன் எண்டு சொல்லுறார். பேரப்பிள்ளையளின்ர படம் முழுக்க அதுக்குள்ளதான் கிடக்கு. கட்டுறதா, விடுறதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: ரீச்சர், காசு கட்டுறது பிழையெண்டு சொல்லமாட்டன். ஆனா கட்டமுதல் என்ன நடந்திருக்கு எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. கூகுள் இலவசமாத் தாறது 15 ஜீபி, அது மெயிலுக்கு மட்டுமில்லை, ட்ரைவுக்கும் போட்டோசுக்கும் எல்லாத்துக்கும் சேத்துத்தான். முந்தி போட்டோசில கொஞ்சம் தரம் குறைச்சு ஏத்துற படங்களைக் கணக்கில எடுக்கிறேல்ல, எவ்வளவும் போடுங்கோ எண்டு விட்டவை. 2021 ஜூன் 1ஆம் திகதியோட அது நிண்டுபோச்சு, அதுக்குப் பிறகு ஏத்தின ஒவ்வொரு படமும் அந்த 15 ஜீபிக்குள்ளதான். பேந்து 2024இல அன்ட்ரொயிட் போன்காரரின்ர வட்ஸ்அப் பெக்கப்பையும் அதுக்குள்ள சேத்துப்போட்டினம். ஆகவே குடும்ப குரூப்பில வாற காலை வணக்கப் படமும் தேர்த்திருவிழா வீடியோவும் சேந்துதான் உங்கட மெயிலை மறிச்சு வச்சிருக்கு. வருசக்கணக்கா இலவசமாப் பழக்கிப்போட்டு, ஆக்கள் தங்கட பிள்ளையள் பிறந்த படத்தில இருந்து செத்தவீட்டுப் படம் வரைக்கும் உள்ள போட்டு முடிஞ்ச பிறகு வாசல்ல காசு கேக்கிறது எனக்கு நேர்மையான வேலையாத் தெரியேல்ல.

முதல் செய்யவேண்டியது, படம் எல்லாத்தையும் உங்கட கைக்கு எடுக்கிறது. கூகுளில 'டேக்அவுட்' எண்டு ஒரு வசதி 2011இல இருந்து இருக்கு, உங்கட பொருளை மொத்தமாக் கட்டித் தருவினம். அதுக்குள்ள போய் போட்டோசை மட்டும் தெரிவு செய்யுங்கோ, எல்லாத்தையும் ஒண்டாக் கேட்டா வீணாச் சிக்கல். ஒவ்வொரு பொதியும் எவ்வளவு பெரிசா இருக்கோணும் எண்டு கேக்கும், 2 ஜீபி எண்டு குடுத்தா நல்லது, ஏனெண்டா இடையில லைன் அறுந்தா அந்த ஒண்டை மட்டும் திருப்பி இறக்கலாம். லிங்க் மெயிலுக்கு வரும், ஆனா உங்கட மெயில்தான் இப்ப நிரம்பி நிக்குதே, அதால முதல்ல தேவையில்லாத பெரிய வீடியோ ரெண்டு மூண்டை அழிச்சு மூச்சு விட இடம் குடுங்கோ. லிங்க் ஒரு கிழமை மட்டும்தான் உயிரோட இருக்கும், அதைப் பிந்த விடாதேங்கோ. போன் டேட்டாவில இறக்கப் போகாதேங்கோ, வீட்டில பைபர் லைன் இருந்தா இரவில விட்டா விடிய முடிஞ்சிருக்கும்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில ஹார்ட் டிஸ்க் வாங்கேக்க ஒண்டு வாங்காதேங்கோ, ரெண்டு வாங்குங்கோ. ஒண்டு உங்களிட்ட, மற்றது தங்கச்சி வீட்டிலயோ மகள் வீட்டிலயோ. 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்தில களனி கங்கைப் பக்கம் எத்தினை வீட்டில அலுமாரியோட அல்பமும் போனது எண்டு உங்களுக்குத் தெரியும், அதால ரெண்டு டிஸ்க்கும் ஒரே வீட்டில இருக்கிறதில அர்த்தமில்லை. இறக்கி முடிய, அங்கொண்டு இங்கொண்டாத் திறந்து பாருங்கோ, பழைய வருசத்துப் படம், புது வருசத்துப் படம், வீடியோ எண்டு. திறந்து பாக்காம கூகுளில இருக்கிறதை அழிக்கவே கூடாது. டேக்அவுட்டில வாற படங்களுக்குப் பக்கத்தில சின்னச் சின்ன ஜேசன் பைல் வரும், படம் எடுத்த திகதி மாதிரியான விபரம் அதுக்குள்ள இருக்கும், குப்பையெண்டு நினைச்சு எறிஞ்சு போடாதேங்கோ.

இவ்வளவும் செய்தாப்பிறகு மகன் காசு கட்ட விரும்பினாக் கட்டட்டும். அப்ப அது நீங்களா விரும்பி எடுக்கிற வசதி, வேற வழியில்லாமக் கட்டுற காசில்லை. இன்னொண்டு ரீச்சர், உங்கட வயசு ஆக்களுக்கு ஆரும் சொல்லுறேல்ல எண்டபடியால் சொல்லுறன். ரெண்டு வருசம் திறக்காமக் கிடக்கிற கணக்குகளை 2023 டிசம்பரில இருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியிட்டுது. தவறிப்போன கணவர்மாரின்ர கணக்கில குடும்பப் படம் கிடக்கிற வீடுகள் கன இருக்கு. பாஸ்வேட் தெரியுமெண்டா இண்டைக்கே உள்ள போய் அதையும் இறக்குங்கோ.

கேள்வி: ஏ/எல் படிக்கிறேன். வட்ஸ்அப்ப விடனும்னு இருக்கு, ஆனா டியூசன் குரூப், ஸ்கூல் குரூப், சர்ச் யூத் குரூப் எல்லாமே அதுலதான். சிக்னல்னு மெசேஜ் எப் ஒன்னு போட்டுப் பார்த்தேன், என் கொன்டெக்ட்ல மூணு பேர்தான் இருக்காங்க. ஃப்ரெண்ட்ஸ வரச்சொன்னா சிரிக்கிறாங்க. என்ன செய்றது?
– மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, சிரிக்கிறவையோட கோவிக்காதேங்கோ. மெயிலையோ பிரவுசரையோ ஒரு ஆள் தனியா மாத்தலாம், மெசேஜ் அனுப்புறதைத் தனியா மாத்தேலாது, மற்றப் பக்கத்திலயும் ஆள் வேணும். அதால 'வட்ஸ்அப்பை விடுறது' எண்டு தொடங்கினா ஒரு கிழமையில களைச்சுப் போடுவியள். டியூசன் குரூப்பில பேப்பர் வாறது நிண்டா நட்டம் உங்களுக்குத்தான். அது அங்கயே இருக்கட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது, வீட்டு ஆக்களை மட்டும் கூட்டிக்கொண்டு வாறது. அம்மா, அப்பா, தம்பி, வெளிநாட்டில இருக்கிற மாமா, கிட்டின சிநேகிதி ஒண்டு ரெண்டு பேர். நாள் முழுக்க நாங்கள் மனம் விட்டுக் கதைக்கிறது இந்த நாலைஞ்சு பேரோடதான், மிச்ச நூறு பேரோட வெறும் அறிவித்தல்தான். அந்த நாலைஞ்சு பேரும் சிக்னலுக்கு வந்தா உங்கட வாழ்க்கையின்ர முக்கியமான பங்கு வந்த மாதிரி. அம்மான்ர போனில நீங்களே போட்டுக் குடுங்கோ, வீடியோ கோல் ஒண்டு எடுத்துக் காட்டுங்கோ, அதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

வட்ஸ்அப்பில என்ன பிழை எண்டு ஆரும் கேட்டா சரியாச் சொல்லோணும், இல்லாட்டி நாங்கள் புரளி கிளப்பிற ஆக்களாப் போயிடுவம். மெசேஜுக்குள்ள என்ன எழுதியிருக்கு எண்டு கம்பனிக்குத் தெரியாது, 2016இல இருந்து அது பூட்டித்தான் போகுது, அந்தப் பூட்டே சிக்னல்காரர் செய்ததுதான். பிரச்சினை வெளிப்பக்கத்தில. ஆரோட, எப்ப, எத்தினை தரம், எந்தக் குரூப்பில, எந்தப் போனில இருந்து எண்டதெல்லாம் விளம்பரத்தால சம்பாதிக்கிற ஒரு கம்பனியிட்ட இருக்கு. பேஸ்புக் 2014இல வட்ஸ்அப்பை ஏறக்குறைய 19 பில்லியன் டொலருக்கு வாங்கினது, அவ்வளவு காசும் எங்களை நம்பித்தான் போட்டிருக்கு. வட்ஸ்அப்பைத் தொடங்கின ரெண்டு பேரில ஒராள், பிரையன் அக்டன், அந்தக் கம்பனியை விட்டு வெளிய வந்து 2018இல தன்ர காசு 50 மில்லியன் டொலர் போட்டுத்தான் சிக்னல் அறக்கட்டளையைத் தொடங்கினவர். அது லாபத்துக்கு நடக்கிறதில்லை, நன்கொடையில ஓடுது. உங்களைப் பற்றி நீதிமன்றம் கேட்டாலும் கணக்குத் திறந்த நாளும் கடைசியா வந்த நாளும்தான் குடுக்க இருக்கு, மிச்சத்தை அவை எடுத்து வைக்கிறதேயில்லை. 2024இல இருந்து நம்பரைக் காட்டாமப் பெயரை மட்டும் குடுத்தும் கதைக்கலாம், பொம்பிளைப் பிள்ளையளுக்கு இது பெரிய உதவி.

இனிக் காசுக் கதை, இதை ஒருத்தரும் பெரிசாக் கதைக்கிறேல்ல. இங்க ரீலோட் போடேக்க சோசல் மீடியா பெக்கேஜ் எண்டு ஒண்டு எடுப்பம், குறைஞ்ச காசுக்கு வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும். பெக்கேஜில பெயர் இல்லாத எப் எல்லாம் சாதாரண டேட்டாவில வெட்டுப்படும். கொழும்பில அறை எடுத்து இருக்கிற, கடையில நிக்கிற பிள்ளையளிட்ட "விட்டிட்டு வா" எண்டு சும்மா சொல்லேலாது, விட்டா அவைக்குச் செலவு கூடும். மெசேஜ் மட்டும் எழுதினா சிக்னல் எடுக்கிற டேட்டா மிகக் கொஞ்சம், கோலும் வீடியோவும்தான் கூட எடுக்கும், அதை வைபை இருக்கிற இடத்தில வச்சுக்கொள்ளலாம். இந்தப் பெக்கேஜ் முறைதான் எங்களை ரெண்டு மூண்டு கம்பனிக்குள்ள கட்டி வச்சிருக்கிற பெரிய கயிறு எண்டது என்ர எண்ணம்.

அதோட, முக்கியமான நம்பர் எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு 9 மணிக்குப் பிறகு பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூண்டும் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் உலகம் முழுக்க விழுந்து கிடந்தது. எங்கட நாட்டில 2018 மார்ச்சில திகன கலவரத்தோட, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்போட, 2022 ஏப்ரல் 3 ஆர்ப்பாட்டக் காலத்தில எண்டு அரசாங்கமே இதுகளைப் பூட்டினது. கொச்சிக்கடையில குண்டு வெடிச்ச அண்டைக்கு வீட்டு ஆக்களைத் தேடின ஆக்களுக்கு அது எப்பிடி இருந்திருக்கும் எண்டு உங்கட பக்கத்து ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிக்னலையும் பூட்டலாம். கொப்பியில இருக்கிற நம்பருக்குக் கோல் எடுக்கலாம்.

கேள்வி: டெலிகிராம் வட்ஸ்அப்பை விட பாதுகாப்புத்தானே?
– வாசகர், மட்டக்குளி

பதில்: இல்லை. சாதாரணமா எழுதுற சட் அவையின்ர சேர்வரில அவை வாசிக்கக்கூடிய மாதிரித்தான் கிடக்கும். 'சீக்ரெட் சட்' எண்டு தனியாத் திறந்தாத்தான் முழுப் பூட்டு, குரூப்புக்கு அந்த வசதியே இல்லை. படம் பாக்கிறதுக்கும் பேப்பர் இறக்கிறதுக்கும் சனல் வச்சிருங்கோ, வீட்டு விசயம் கதைக்கிற இடமா எடுக்காதேங்கோ.

கேள்வி: வீட்ல கேக் செய்து விக்கிறேன். ஆறு வருசமா ஒரு சோசல் மீடியா பேஜ்லதான் ஓடர் எடுத்தேன். போன மாசம் விதியை மீறிட்டீங்கன்னு சொல்லி பேஜ பூட்டிட்டாங்க, என்ன விதின்னு சொல்லல்ல, அப்பீல் போட்டும் பதில் இல்ல. கஸ்டமர் நம்பர் எல்லாம் அதுக்குள்ளதான். நோன்புப் பெருநாள் ஓடர் வார நேரம்.
– சகோதரி, தெஹிவளை

பதில்: சகோதரி, உங்கட கடிதத்தை வாசிச்சிட்டு எனக்கு மனம் கனத்துப் போச்சு. ஆறு வருசம் விடிய எழும்பி உழைச்சுச் சேத்த ஆக்களை ஒரு மெஷின் ஒரு நிமிசத்தில பறிச்சிருக்கு, பதில் சொல்ல ஒரு மனுசரும் இல்லை. அப்பீலை விடாமப் போடுங்கோ, அடையாள அட்டை கேட்டாக் குடுங்கோ, ஆனா அதை நம்பிப் பெருநாளை விடாதேங்கோ.

இப்ப அவசரத்துக்கு, உங்கட போனில கோல் லிஸ்டும் எஸ்எம்எஸ்ஸும் இருக்கும், பேங்க்கில காசு போட்ட விபரம் இருக்கும், டெலிவரி செய்த தம்பியிட்ட அட்ரஸ் இருக்கும். அதையெல்லாம் தோண்டி ஒரு கொப்பியில எழுதுங்கோ, பெயர், நம்பர், என்ன கேக் விருப்பம் எண்டு. ஒவ்வொருத்தருக்கும் எஸ்எம்எஸ் ஒண்டு போடுங்கோ. பக்கத்துக் கொமியுனிகேசன் கடையில, பேக்கரியில, பள்ளிவாசல் றோட்டுக் கடைகளில நம்பரோட துண்டு ஒட்டக் கேளுங்கோ. பழைய முறைதான், ஆனா அதை ஒருத்தரும் பூட்டேலாது.

பெருநாள் முடிய, சொந்தமா ஒரு வெப்சைட் பெயர் பதிஞ்சு எடுங்கோ. எங்கட நாட்டு டொட் எல்கே பெயர்களை எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி பதியுது, தமிழில 'டொட் இலங்கை' எண்டும் எடுக்கலாம். வருசத்துக்கு ஒரு தொகை கட்டோணும், ஒரு பெரிய கேக்கின்ர விலையோட ஒப்பிட்டுப் பாருங்கோ. அந்தப் பெயரில ஒரே ஒரு பக்கம் இருந்தாப் போதும், படம், விலை, போன் நம்பர். மெயிலும் அந்தப் பெயரிலயே வச்சுக்கொள்ளலாம். இதில பெரிய நன்மை என்னெண்டா, பக்கத்தை வச்சிருக்கிற கம்பனியோ மெயில் கம்பனியோ சரியில்லையெண்டா இன்னொரு கம்பனிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், பெயர் மாறாது, கஸ்டமருக்கு வித்தியாசமே தெரியாது. ஜீமெயில் அட்ரஸை அப்பிடித் தூக்கேலாது. பெயரை உங்கட சொந்தப் பெயரில பதியுங்கோ, வெப்சைட் செய்து தாற தம்பியின்ர பெயரில பதிய விடாதேங்கோ, கனபேர் மாட்டுப்படுறது அதிலதான்.

புதுப் பேஜ் ஒண்டும் திறக்கத்தான் வேணும், சனம் அங்கதானே நிக்குது. ஆனா அதை நோட்டீஸ் போடுற இடமா மட்டும் வையுங்கோ, ஓடர் உங்கட நம்பருக்கு வரட்டும், இரவில கொப்பிக்கு ஏத்துங்கோ. கொப்பியில இருக்கிற நம்பரை வேற ஆருக்கும் குடுக்கவும் வேண்டாம், 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு எங்கட நாட்டில நிறைவேறியிருக்கு. பெரிய கம்பனியிட்ட நாங்கள் எதிர்பாக்கிற மரியாதையை எங்கட கஸ்டமருக்கு நாங்களும் குடுப்பம்.

கேள்வி: எனக்கு 71 வயசு. ஒளிக்கிறதுக்கு என்னட்ட ஒண்டுமில்லை. கூகுளுக்கு நான் எங்க மரக்கறி வாங்கிறன் எண்டு தெரிஞ்சா என்ன குறைஞ்சு போகும்? பயப்பிடுத்திறியளோ எண்டு நினைக்கிறன்.
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: ஐயா, நேரடியாக் கேட்டது நல்லது. உங்கட வயசைப் பாத்தா 1983இல நீங்கள் இளந்தாரி. ஜூலைக் கலவரத்தில வந்த கும்பல்களின்ர கையில வாக்காளர் இடாப்பு இருந்தது எண்டு உயிர் தப்பின ஆக்கள் எத்தினையோ பேர் சொல்லியிருக்கினம், அந்தக் காலத்தைப் பற்றி எழுதின புத்தகங்களிலயும் பதிவாகியிருக்கு. வாக்குப் போட எண்டு பதிஞ்ச பெயர். அதில ஒளிக்க என்ன இருந்தது? ஒண்டுமில்லை. பெயரும் விலாசமும்தான். எந்த வீடு தமிழ் வீடு எண்டு தெரிய அது காணுமாயிருந்தது.

இதைப் பயப்பிடுத்த எழுதேல்ல. கூகுள் நாளைக்கு உங்கட வீட்டுக்கு ஆள் அனுப்பும் எண்டும் நான் சொல்லேல்ல. ஒரு தேவைக்குச் சேத்த விபரம் இன்னொரு தேவைக்குப் போகும், போகேக்க உங்களைக் கேக்காது, அதைத்தான் சொல்லுறன். ஆர் சேக்கினம் எண்டது மட்டுமில்லை, பிறகு ஆரின்ர கைக்குப் போகுது எண்டதும் இருக்கு. கொழும்பில இருக்கிற எங்களுக்கு, சோதனைச் சாவடியில அடையாள அட்டையோட நிண்ட சனத்துக்கு, இதைப் புத்தகத்தில படிச்சு அறியத் தேவையில்லை. மரக்கறிக் கடை மட்டுமில்லையே ஐயா, எந்தக் கோயில், எந்த டொக்டர், எந்தச் செய்தி வாசிக்கிறியள், இரவில ஆருக்குக் கோல் எடுக்கிறியள் எண்டதெல்லாம் சேந்துதான் போகுது.

இந்த விபரத்தின்ர பெறுமதி அவைக்கு நல்லாத் தெரியும். போனிலயும் பிரவுசரிலயும் கூகுள்தான் முதல் தேடலா நிக்கோணும் எண்டதுக்காக 2021 ஒரு வருசத்தில மட்டும் மற்றக் கம்பனிகளுக்கு 26.3 பில்லியன் டொலர் குடுத்திருக்கினம், அமெரிக்க நீதிமன்ற வழக்கில வெளிய வந்த கணக்கு இது. 2024 ஓகஸ்டில அந்த நீதிமன்றம், தேடலில கூகுள் சட்டவிரோதமா ஏகபோகத்தைக் காப்பாத்துது எண்டு தீர்ப்பும் சொல்லியிட்டுது. நாங்கள் மாத்தமாட்டம் எண்ட நம்பிக்கையிலதான் அவ்வளவு காசு குடுபடுது.

மாத்துறது அவ்வளவு கஷ்டமில்லை. அன்ட்ரொயிட் போனெண்டா பயர்பொக்ஸ் எண்ட பிரவுசரைப் போடுங்கோ, அதுக்குள்ள யுபிளொக் ஒரிஜின் எண்ட சின்னச் சாமானையும் சேருங்கோ, விளம்பரமும் உங்களைப் பின்தொடர்ந்து வேவு பாக்கிறதும் பெரும்பாலும் நிண்டுபோகும், பக்கங்களும் கெதியாத் திறக்கும், டேட்டாவும் மிஞ்சும். பயர்பொக்ஸை நடத்திற மொசில்லாவின்ர வருமானத்தில பெரும்பங்கு கூகுளிட்ட இருந்துதான் வருது எண்டதையும் மறைக்காமச் சொல்லோணும், அப்பிடியிருந்தும் குரோமை விட இது மேல். தேடலுக்கு டக்டக்கோ வையுங்கோ, அது பெரும்பாலும் மைக்ரோசொப்டின்ர பிங்கில இருந்துதான் முடிவு எடுக்குது, தமிழில தேடேக்க கூகுள் அளவுக்கு வராது, அப்ப மட்டும் கூகுளுக்குப் போங்கோ. பிறகு கூகுள் கணக்குக்குள்ள போய் வெப் அன்ட் எப் அக்டிவிட்டி எண்டதை, நீங்கள் தேடினது பாத்தது எல்லாத்தையும் பதியிறதை, நிப்பாட்டுங்கோ. போன் செட்டிங்கில பிரைவசி, அட்ஸ் எண்டு போனா விளம்பர அடையாள இலக்கத்தை அழிக்கிற இடம் இருக்கு. பேரப்பிள்ளையைக் கேட்டா அஞ்சு நிமிசத்தில செய்து தருவார்.

கேள்வி: ஐ.டி.யில வேலை. பழைய கொம்பியூட்டர் ஒன்னுல நெக்ஸ்ட்கிளவுட்னு சொந்தமா கிளவுட் வைக்கிற மென்பொருள் போட்டு மெயில், படம், பைல் எல்லாத்தையும் வீட்டிலயே வைக்க யோசிக்கிறேன். முழு விடுதலை அதுதானே?
– வாசகர், கிருலப்பனை

பதில்: தம்பி, ஆசை நல்லது, ஆனா மெயிலை விட்டிடுங்கோ. வீட்டு லைனில இருந்து அனுப்புற மெயிலை மற்றவையின்ர சேர்வர் குப்பைக்குள்ளதான் போடும், அதோட மல்லுக்கட்டி வாழ்க்கை போயிடும். புரோட்டோன் மாதிரி ஒரு மெயில் சேவையை எடுத்து, சொந்தப் பெயரில அட்ரஸ் வச்சிருந்தாலே போதும்.

பைலும் படமும் வீட்டில வைக்கலாம். ஆனா சேர்வர் வைக்கிறது லேசு, பெக்கப் வைக்கிறதுதான் வேலை. 2023இல லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டில, பைலைப் பூட்டிப்போட்டுக் காசு கேக்கிற ரான்சம்வெயார் புகுந்தது ஞாபகமிருக்கும். டொட் கவ் டொட் எல்கே எண்டு முடியிற ஏறக்குறைய 5,000 அரசாங்க முகவரிகளின்ர மே 17இல இருந்து ஓகஸ்ட் 26 வரைக்குமான மெயில் போனது போனதுதான், அமைச்சரவை அலுவலகம் உட்பட. அந்தக் காலத்துக்குத் தனியாக் கழட்டி வச்ச பெக்கப் இருக்கேல்ல, ஓடின மென்பொருளும் பழசு. ஒரு அரசாங்கத்துக்கே அந்தக் கதியெண்டா வீட்டில ஓடுற பழைய பெட்டிக்கு? அதோட 2022 மார்ச்சில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்த ஊர் இது.

அதால சின்னதாத் தொடங்குங்கோ. சின்க்திங் எண்டு ஒண்டு இருக்கு, நடுவில ஆரின்ர கிளவுட்டும் இல்லாம உங்கட போனுக்கும் லப்டொப்புக்கும் இடையில பைலை ஒத்திசைக்கும். அதை ஒரு வருசம் ஓட்டிப் பாருங்கோ, மாசம் ஒருக்கா ஒரு டிஸ்க்கில கொப்பி எடுத்துக் கழட்டி வையுங்கோ, திருப்பி எடுக்கேலுமா எண்டும் செய்து பாருங்கோ. அது பழகினாப்பிறகு நெக்ஸ்ட்கிளவுட். எங்கட ஆக்களால ஏலாது எண்டு நான் சொல்லேல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு இங்கத்தைய தொண்டர்கள் சேந்து எழுதின 'சஹானா' எண்ட கட்டற்ற மென்பொருளை, காணாமப்போன ஆக்களையும் முகாம்களையும் பதியச் செய்ததை, 2010இல ஹெயிட்டி பூமியதிர்ச்சிக்கும் பாவிச்சவை. அது தனியாள் செய்ததில்லை, கூடிச் செய்தது. நீங்களும் ரெண்டு மூண்டு நண்பர்களோட சேந்து செய்யுங்கோ, ஒராளுக்குக் காய்ச்சலெண்டா மற்றாள் பாக்க.

கேள்வி: விண்டோஸ் 10 இனி அப்டேட் வராதாம், புது லப்டொப் வாங்கச் சொல்றாங்க. டைப்செட்டிங் கடை, பாமினி எழுத்துலதான் வேலை. வாங்கத்தான் வேணுமா?
– ஜிந்துப்பிட்டி

பதில்: 2025 ஒக்டோபர் 14ஓட வழமையான அப்டேட் முடிஞ்சது உண்மை. மெஷின் நல்லா ஓடுதெண்டா எறிய வேண்டாம், விண்டோசுக்குப் பதிலா ஓடுற இலவச லினக்ஸ் மின்டை முதல்ல பென் ட்ரைவில இருந்தே ஓட்டிப் பாருங்கோ, பிரின்டர் வேலை செய்யுதா எண்டு பாத்திட்டுப் பதியுங்கோ. லிப்ரே ஒபிஸ் எண்ட இலவச எழுதுற மென்பொருளில பாமினி எழுத்துரு போட்டா வேலை செய்யும். ஆனா பேஜ்மேக்கர், போட்டோசொப் பைல் நம்பித்தான் கடை ஓடுதெண்டா அந்த ஒரு மெஷினை விண்டோசிலயே விட்டு, இன்டர்நெட்டைக் கழட்டி வையுங்கோ. புது வேலையெல்லாத்தையும் யூனிகோட்டில, எந்த மெஷினும் வாசிக்கிற பொது எழுத்து முறையில, செய்யப் பழகுறது பத்து வருசத்துக்குப் பிறகும் திறக்க உதவும்.

கேள்வி: ஓட்டோ ஓடுறன். கூகுள் மெப் இல்லாம ஏலுமா?
– மருதானை

பதில்: அண்ணா, பின்னேரம் ட்ரபிக் பாக்கிறதுக்கு இப்போதைக்கு அதுக்கு ஈடா ஒண்டுமில்லை, தொழிலுக்கு வேணுமெண்டா வச்சிருங்கோ. டேட்டா முடிஞ்ச நேரத்துக்கு ஓர்கானிக் மெப்ஸ் போட்டு இலங்கை மெப்பை ஒருக்கா இறக்கி வையுங்கோ, இன்டர்நெட் இல்லாட்டியும் வழி காட்டும். அது ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் எண்டு 2004இல தொடங்கின, ஆக்கள் சேந்து வரையிற வரைபடத்தில ஓடுது. உங்களுக்குத் தெரிஞ்ச ஒழுங்கை அதில இல்லையெண்டா நீங்களே சேக்கலாம், கொழும்பு ஒழுங்கையளை ஓட்டோக்காரரை விட ஆர் அறிவினம்.

கேள்வி: பன்னிரண்டு வருசமா பேஸ்புக்கிலதான் கவிதையும் ஊர் நினைவுகளும் எழுதுறன். புத்தகமாப் போட வசதி வரேல்ல. கணக்கு மூடுப்பட்டா எல்லாம் போயிடுமா?
– வாசகி, வத்தளை

பதில்: போயிடும் அக்கா. கூகுள் பிளஸ் எண்டு பேஸ்புக் மாதிரி ஒண்டு இருந்தது, தமிழில அதில எழுதின ஆக்களும் கன, 2019 ஏப்ரலில மூடி எழுதினதையும் அழிச்சவை. அதுக்கு முதல் 2009இல ஜியோசிட்டீஸ் எண்ட இலவச வெப்சைட் இடத்தை மூடினவை, அதில எங்கட ஆக்களின்ர முதல் தமிழ்ப் பக்கங்கள் எத்தினை போனதோ. 1981இல யாழ்ப்பாண நூலகத்தில 97,000 அளவில புத்தகமும் ஏடும் எரிஞ்ச சனம் நாங்கள், ஒரே இடத்தில ஒரே கொப்பி வச்சிருக்கிறது எங்களுக்குச் சரிவராது. அந்த எண்ணத்திலதான் 2005இல நூலகம் எண்ட எண்ணிம நூலகத்தை எங்கட பிள்ளையள் தொடங்கினவை, ஒரு பெரிய கம்பனியையும் நம்பாம, ஆக்கள் குடுக்கிற காசிலயும் உழைப்பிலயும் பழைய பேப்பர், மலர், நூல் எண்டு ஸ்கான் பண்ணி ஏத்திக்கொண்டிருக்கினம். தமிழ் விக்கிப்பீடியாவிலயும் 2003இல இருந்து குந்தி எழுதின இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்து ஆள்தான். கூகுளை விட்டா எங்களுக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லுறவைக்கு நான் காட்டுறது இதுகளைத்தான்.

உங்கட வேலைக்கு வருவம். பேஸ்புக் செட்டிங்கில அக்கவுண்ட்ஸ் சென்டருக்குள்ள போய் உங்கட தகவலை இறக்குற இடத்தைத் தேடுங்கோ. திகதி கேக்கேக்க 'எல்லாக் காலமும்' எண்டதைப் போடுங்கோ, அது தானா முழுசையும் எடுக்காது, கொஞ்சக் காலத்தை மட்டும் எடுத்துத் தந்திடும், கனபேர் இதைக் கவனிக்காம முழுசும் வந்திட்டுது எண்டு நம்பிக்கொண்டிருக்கினம். வகையில எச்டிஎம்எல் எண்டதைத் தெரிவு செய்தா பிரவுசரிலயே திறந்து வாசிக்கலாம். அதில இருந்து நல்லதைப் பொறுக்கி, லிப்ரே ஒபிஸில ஒரு பைலாச் சேருங்கோ, ஒவ்வொண்டுக்கும் கீழ எழுதின திகதியும் ஊரும் போடுங்கோ, பழைய பாமினி எழுத்தில ஏதும் கிடந்தா யூனிகோட்டுக்கு மாத்துங்கோ. பிடிஎப் ஆக்கி ரெண்டு பேருக்கு அனுப்பி வையுங்கோ. ஊர் நினைவுகளை மட்டும் தனிப் பைலாக்கி, நூலகம் நிறுவனத்துக்கு எழுதி ஆவணமா எடுப்பினமா எண்டு கேளுங்கோ. எழுதிறதைப் பேஸ்புக்கில போடுறதை நிப்பாட்டத் தேவையில்லை, வாசிக்கிற ஆக்கள் அங்க இருக்கினம். ஆனா முதல்ல உங்கட பைலில எழுதி சேவ் பண்ணிட்டு, பிறகு அங்க கொப்பி பண்ணிப் போடுங்கோ.